பழைய இயந்திரத்துக்குப் புதிய மூளை: இலவச சிஎன்சி மென்பொருளைப் பொருத்துவது இப்போது எவ்வளவு எளிது?

ஜார்ஜ்டவுன் – பிறை, புக்கிட் மெர்தாஜம், சிம்பாங் அம்பாட் பக்கம் உள்ள சிறு பட்டறைகளுக்குள் எட்டிப் பார்த்தால், எங்கேயாவது ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திய மில்லிங் இயந்திரம் ஒன்று நிற்பதைக் காணலாம். வார்ப்பிரும்பு உடம்பில் ஒரு குறையும் இருக்காது. திருகுத் தண்டு சுற்றும், மோட்டாரும் ஓடும். ஓடாதது பக்கவாட்டில் தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டுமே. திரை இருண்டிருக்கும். அல்லது உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போய், அதை நம்பி நினைவில் வைத்திருந்த எண்கள் எல்லாம் அழிந்திருக்கும்.

புதிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு விலை கேட்டால் இயந்திரத்தின் மதிப்பையே தாண்டும். அதனால் முதலாளி யோசித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை பேசுவார்.

அந்த இயந்திரத்துக்குச் சாதாரண கணினி ஒன்றையே மூளையாகப் பொருத்த முடியும். அதற்கான மென்பொருளின் பெயர் லினக்ஸ்சிஎன்சி. காசு கொடுக்க வேண்டாம், உரிமம் புதுப்பிக்க வேண்டாம். மென்பொருளின் மூல வரிகளையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். இப்படி ஒன்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுவில் கிடைக்கிறது. பிறகு ஏன் அந்த மூலை இயந்திரம் இன்னும் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது?

மென்பொருள் இலவசம்தான், ஆனால் அதை ஓர் இயந்திரத்தோடு சேர்த்து அமைப்பது நீண்ட காலம் பெரிய தலைவலியாக இருந்தது. அந்தத் தலைவலி படிப்படியாக எப்படிக் குறைந்தது, இன்னும் மிச்சம் இருப்பது எது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மிச்சம் இருப்பது கணினிக்காரருக்குத் தெரிந்த விஷயம் அல்ல, லேத்திலும் மில்லிங்கிலும் கை பழகியவருக்குத் தெரிந்த விஷயம் என்பதையும் பார்ப்போம்.

பினாங்கில் இது நம்மைத் தொடும் பேச்சு. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதிலிருந்து, பெரிய மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பிடிப்பான்கள், தட்டுகள், உதிரி பாகங்களைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் சுற்றிலும் வளர்ந்தன. பத்து காவானில் ஒரு காலத்தில் செம்பனை இருந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. தோட்டத்திலிருந்து வந்த நம் பிள்ளைகள் பலர் அந்த ஆலைகளில் சிஎன்சி இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார்கள். பொருளைப் பொருத்துவது, கதவை மூடுவது, பச்சைப் பொத்தானை அழுத்துவது. பத்து வருடம் அழுத்தினாலும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வாய்ப்பு கிடைப்பதில்லை. இயக்குபவருக்கும் அமைப்பவருக்கும் இடையே சம்பளத்தில் இருக்கும் தூரத்தை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

அரசாங்க ஆய்வுக்கூடத்தில் பிறந்தது

லினக்ஸ்சிஎன்சி ஒரு நிறுவனத்தின் சரக்கு அல்ல. 1990களில் என்ஐஎஸ்டி எனப்படும் அமெரிக்க அரசின் தரநிலைக் கழகம் இதைத் தொடங்கியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டி வைத்திருந்த காலம் அது. எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கட்டமைப்பு சாத்தியமா என்று சோதிப்பதே நோக்கம். மிச்சிகன் மாநிலத்தின் போண்டியாக் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், நான்கு அச்சு இயந்திரம் ஒன்றில் பொருத்தி வேலை வாங்கிப் பார்த்தார்கள். அப்போது அதன் பெயர் ஈஎம்சி. அரசுப் பணத்தில் எழுதியது என்பதால் பொதுச் சொத்தாகவே வெளியே வந்தது. பிறகு உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கையில் எடுத்து வளர்த்தார்கள். அதே பெயர் கொண்ட ஒரு பெரிய கணினி நிறுவனம் ஆட்சேபித்ததால் 2011இல் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாறியது.

தொடக்க காலத்தில் இதை நிறுவுவது லேசான காரியம் அல்ல. முதலில் லினக்ஸ் வேண்டும். அதன் கருவைத் திருத்தி, நேரம் தவறாமல் ஓடும்படி மறுபடியும் தொகுக்க வேண்டும். அதன்மேல் ஈஎம்சியைத் தொகுக்க வேண்டும். எங்காவது ஒரு பிழை வந்தால் அன்றைய நாள் போயிற்று. இயந்திரம் தெரிந்தவருக்கு லினக்ஸ் தெரியாது, லினக்ஸ் தெரிந்தவர் வீட்டில் இயந்திரம் கிடையாது.

இந்தச் சிக்கலை முதலில் அவிழ்த்தவர் பால் கார்னர் என்ற தன்னார்வலர். லினக்ஸ், திருத்திய கரு, ஈஎம்சி மூன்றையும் ஒரே குறுந்தட்டில் அடைத்துக் கொடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பிரெய்ன் டெட் இன்ஸ்டால்’, அதாவது மூளையே தேவைப்படாத நிறுவல். பெயர் கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனால் யாருடைய கஷ்டத்துக்கு மருந்து என்பது பெயரிலேயே தெரிந்தது.

அதன் பின்னர் உபுண்டு லினக்ஸோடு சேர்த்து ‘லைவ்’ குறுந்தட்டாக வந்தது. கணினியில் எதையும் அழிக்காமல், தட்டைப் போட்டதும் நேரே ஓடிக் காட்டும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பழைய கணினியை அங்கேயே சோதித்துப் பார்க்க முடிந்தது. 2023இல் வெளிவந்த டெபியன் 12, லினக்ஸ்சிஎன்சியைத் தன் மென்பொருள் களஞ்சியத்திலேயே சேர்த்துக்கொண்டது. மற்ற மென்பொருளை எப்படி நிறுவுகிறோமோ அப்படியே இதையும் நிறுவலாம். 2024 செப்டம்பரில், நேரம் தவறாத இயக்கத்துக்கான திருத்தங்கள் லினக்ஸ் கருவின் மூலப் பதிப்பிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டன. அந்தத் திருத்தங்கள் வெளியே தனியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்தவை.

உறுமி அடிப்பவர் தண்ணீர் குடிக்கப் போனால்

‘நேரம் தவறாத’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அது என்ன?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். உறுமி அடிப்பவர் நிமிடத்துக்கு நூறு அடி அடிக்கிறார். நடுவில் ஐந்து வினாடி நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு, விட்டுப்போன அடிகளை அவசரமாகச் சேர்த்து அடித்தால் கணக்கு என்னவோ நூறுதான் வரும். ஆனால் காவடி எடுப்பவரின் கால் தடுமாறிவிடும்.

சாதாரணக் கணினி அந்த உறுமிக்காரர் மாதிரி. வேகம் இருக்கிறது, ஆனால் நடுநடுவே தன் சொந்த வேலைக்குப் போய்விடும். கடிதம் தட்டச்சு செய்யும்போது அது நமக்குத் தெரியாது. ஸ்டெப்பர் மோட்டாருக்கோ ஒவ்வோர் அடியும் ஒரு மின்துடிப்பு. தாமதித்து வந்த துடிப்பில் மோட்டார் ஓர் அடியைத் தவறவிடும். தவறவிட்டதைத் திருப்பிச் சொல்ல அதற்கு வழி இல்லை. வேலை முடிந்து கேலிப்பரில் அளக்கும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த அலுமினியத் துண்டு குப்பைக்குப் போயிருக்கும்.

அதனால்தான் எதையும் பொருத்துவதற்கு முன்னால் கணினியின் தாமதத்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள். லினக்ஸ்சிஎன்சியோடு ‘லேட்டன்சி டெஸ்ட்’ என்ற கருவியும் வருகிறது. அதை ஓடவிட்டு, அதே நேரத்தில் சன்னல்களை இழுங்கள், பாட்டைப் போடுங்கள், பெரிய கோப்புகளை நகலெடுங்கள். கணினியை எவ்வளவு தொந்தரவு செய்ய முடியுமோ அவ்வளவும் செய்ய வேண்டும். மிக மோசமான தாமதம் 15, 20 மைக்ரோ வினாடிக்குள் இருந்தால் மிக நல்ல கணினி. 30 முதல் 50 என்றால் வேலை நடக்கும், வேகம் கொஞ்சம் குறையும். 100ஐத் தாண்டினால் கணினியே நேரடியாகத் துடிப்பு அனுப்பும் முறைக்கு அது உதவாது. விலை உயர்ந்த புதிய கணினி தோற்று, அலுவலகம் தூக்கிப்போட்ட பழைய கணினி ஜெயிப்பதும் உண்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதிகளை பயாஸில் அணைத்துவிட்டு மறுபடி சோதித்தால் சில கணினிகள் தேறிவிடும்.

இதற்கு இன்னொரு வழியும் வந்துவிட்டது. மெசா போன்ற நிறுவனங்கள் செய்யும் கட்டுப்பாட்டு அட்டைகள் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. துடிப்பு அடிக்கும் வேலையை அட்டையே பார்த்துக்கொள்ளும். கணினி ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஒரு முறை நெட்வொர்க் கம்பி வழியே ‘இந்த வேகத்தில் போ’ என்று சொன்னால் போதும். உறுமியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கணினி தலையசைப்பதோடு நிற்கிறது. பழைய கணினிகளில் இருந்த 25 ஊசி அச்சுப்பொறி போர்ட் இன்றைய கணினிகளில் இல்லை என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் எடுக்கிறார்கள். ராஸ்பெரி பை 4, 5 போன்ற சிறிய கணினிகளுக்கும் தயார்நிலைப் பதிப்பு கிடைக்கிறது.

இயந்திரம் தெரிந்தவரின் வேலை

மென்பொருள் கணினிக்குள் ஏறிவிட்டது. ஆனால் அதற்கு உங்கள் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. திருகுத் தண்டு எத்தனை மில்லிமீட்டர், மேசை எவ்வளவு தூரம் நகரும், எந்தச் சுவிட்ச் எந்தக் கம்பியில் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். முன்பு இதை இரண்டு கோப்புகளில் வரி வரியாகக் கையால் எழுத வேண்டியிருந்தது. ஒரு புள்ளி தவறினாலும் ஓடாது.

இப்போது ‘ஸ்டெப்கான்ஃப்’ என்ற உதவியாளர் இருக்கிறது. பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கும். பதில்களை நிரப்பினால் அந்த இரண்டு கோப்புகளையும் அதுவே எழுதிவிடும். மெசா அட்டைக்கு ‘பிஎன்சிகான்ஃப்’ என்று அதேபோல் இன்னொன்று. கேள்விகள் எளிதுதான். பதில் எங்கிருந்து வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி. டிரைவரில் எட்டு நுண்ணடி வைத்தால் 1,600. திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்றால், 1,600ஐ 5ஆல் வகுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 320 அடி. கணினியின் துடிப்பு இடைவெளி 50 மைக்ரோ வினாடி என்றால், ஓர் அடிக்கு ஏற்ற ஒன்றும் இறக்க ஒன்றுமாக வினாடிக்கு 10,000 அடிக்கு மேல் போகாது. 10,000ஐ 320ஆல் வகுத்தால் வினாடிக்கு 31 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,875. அதற்கு மேல் வேகம் கேட்டால் கிடைக்காது. இது பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஆனால் அந்த 5 மில்லிமீட்டர் உண்மையா? நம் பட்டறைகளில் அங்குல முறையில் செய்த பழைய இயந்திரங்களும் உண்டு. ஓர் அங்குலத்துக்கு ஐந்து மரை உள்ள தண்டு ஒரு சுற்றுக்கு 5.08 மில்லிமீட்டர் நகர்த்தும். பார்வைக்கு 5 போலவே இருக்கும். 5 என்று நிரப்பிவிட்டால், 100 மில்லிமீட்டர் போகச் சொல்லும்போது மேசை 101.6 போகும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் நீங்கள் சொன்னதை அது அப்படியே செய்தது. கணினிப் பட்டதாரி ஒருவர் இதை நாள் முழுக்கத் தேடுவார். இருபது வருடம் கைச்சக்கரம் சுற்றியவர் சக்கரத்தின் அளவுக் கோடுகளைப் பார்த்ததுமே ‘இது அங்குல மிஷின் தம்பி’ என்று சொல்லிவிடுவார்.

திசையும் அப்படித்தான். மேசை நகரும் இயந்திரத்தில் ‘எக்ஸ் கூட்டல்’ என்றால் மேசை இடப்பக்கம் போக வேண்டும், ஏனென்றால் கணக்கு வெட்டும் கருவியின் பார்வையில். இதை மாற்றி வைத்துவிட்டு, முதல் வேலையாகப் பெயர்ப்பலகை வெட்டிப் பார்த்து, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக வந்ததும் முழிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

அடுத்தது தண்டில் இருக்கும் ‘ப்ளே’. டயல் கேஜை மேசையில் வைத்து ஒரு பக்கமாக நகர்த்தி, முள்ளைப் பூஜ்யமாக்கி, எதிர்ப்பக்கம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் போகச் சொல்லுங்கள். முள் எவ்வளவு குறைவாக நகர்ந்ததோ அதுவே ப்ளே. அந்த எண்ணை ஐஎன்ஐ கோப்பில் எழுதினால் மென்பொருள் ஓரளவு ஈடுகட்டும். ஓரளவுதான். நட்டே தேய்ந்திருந்தால் நட்டை மாற்றத்தான் வேண்டும்.

கம்பிகளின் இணைப்பை எழுதும் பகுதிக்கு ‘ஹால்’ என்று பெயர். புதியவர்கள் இதைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறார்கள். மின்பெட்டிக்குள் வரிசையாக டெர்மினல்கள் இருக்கும் அல்லவா? இந்த டெர்மினலிலிருந்து அந்த டெர்மினலுக்கு ஒரு கம்பி என்று இழுப்போம். ஹாலும் அதுதான், கம்பி மட்டும் எழுத்தில் இருக்கும். வயரிங் செய்த எலக்ட்ரிஷியனுக்கு இதன் போக்கு சீக்கிரம் பிடிபடும். எந்த இணைப்பில் மின்குறி வருகிறது, எதில் வரவில்லை என்று திரையில் காட்டும் ‘ஹால்ஷோ’, ‘ஹால்ஸ்கோப்’ கருவிகளும் கூடவே வருகின்றன. ஒரு எச்சரிக்கை: உதவியாளர் எழுதிய ஹால் கோப்பில் நீங்கள் கையால் சேர்த்ததெல்லாம், அடுத்த முறை உதவியாளரை ஓட்டும்போது அழிந்துவிடும். உங்கள் சொந்த வரிகளை ‘கஸ்டம்’ என்று தனியாக உள்ள கோப்பில் எழுதுங்கள்.

எளிதாக்கக் கூடாத ஒன்று

எல்லாம் எளிதாகிவிட்டது என்ற உற்சாகத்தில் அவசர நிறுத்தப் பொத்தானையும் கணினியிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள் சிலர். அது கூடாது. கணினி உறைந்து நிற்கும் அந்த நொடியில்தான் அந்தப் பொத்தான் தேவைப்படும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால், மென்பொருளைக் கேட்காமல், கான்டாக்டர் வழியே மோட்டார்களின் மின்சாரம் நேரடியாக அறுந்துபோக வேண்டும். கணினிக்குத் தகவல் மட்டும் போனால் போதும். இதைத் தகுதி பெற்ற எலக்ட்ரிஷியனிடம் கொடுத்துச் செய்யுங்கள். மென்பொருளின் கையேடும் இதைத்தான் சொல்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்று மோட்டார் உள்ள சிறிய ரூட்டர் என்றால் உதவியாளரே போதும். தானாகக் கருவி மாற்றும் வசதி, சர்வோ மோட்டார்கள், எண்ணெய் பம்ப் எல்லாம் உள்ள பெரிய இயந்திரம் என்றால் உதவியாளர் பாதி வழி வரைதான் வரும். மீதியை ஹாலில் நீங்களே எழுத வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். நாள் முழுக்க ஓடி வருமானம் தரும் இயந்திரத்தில் முதல் பரிசோதனை செய்ய வேண்டாம். தார்ப்பாய்க்குள் இருப்பதில் தொடங்குங்கள். மரத்தில் பெயர் வெட்டும் சின்னப் பொழுதுபோக்கு இயந்திரத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆர்டுவீனோ பலகையில் ஓடும் ‘ஜிஆர்பிஎல்’ என்ற இன்னொரு இலவச மென்பொருளே அதற்குப் போதும்.

இயந்திரமே இல்லாதவர்களும் தொடங்கலாம். லினக்ஸ்சிஎன்சியில் பாவனை முறை உண்டு. பழைய மடிக்கணினியில் நிறுவி, திரையிலேயே மூன்று அச்சு மில்லிங்கை ஓட்டலாம். ஜி-கோட் எழுதிப் பார்க்கலாம், ஐஎன்ஐ கோப்பில் ஓர் எண்ணை மாற்றி என்ன கெட்டுப்போகிறது என்று பார்க்கலாம். எதுவும் உடையாது. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயர் தாங்கிய பயிற்சிக் கழகத்திலோ வேறு இடத்திலோ எஸ்கேஎம் படிக்கும் பிள்ளைகளுக்கு, வகுப்பில் இயந்திரத்தின் முன்னால் தன் முறை வரும்வரை காத்திருக்கும் நேரத்தை இது மிச்சப்படுத்தும். எஸ்பிஎம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் இதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

பட்டறையில் தொடங்குபவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் கணினியின் தாமதச் சோதனை, அதுவும் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். பிறகு ஒரே ஒரு மோட்டாரை இயந்திரத்தில் பூட்டாமல் மேசைமேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பிறகு அவசர நிறுத்தம். அதன்பின் ஓர் அச்சு, டயல் கேஜோடு. மூன்று அச்சும் சரியாக நகர்ந்தால், முதல் நிரலைக் காற்றிலேயே ஓட்டுங்கள். அதுவும் சரி என்றால் இரும்பை விட்டுவிட்டு, மெழுகிலோ மரத்திலோ வெட்டிப் பாருங்கள்.

ஓடத் தொடங்கியதும் அந்த ஐஎன்ஐ, ஹால் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். தண்டின் அளவு, நுண்ணடி, ப்ளே ஆகிய எண்களை ஒரு தாளில் தமிழிலோ மலாயிலோ எழுதி, மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பேட்டரி செத்தாலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.